1979 சி10 பிக்கப்புக்கு ஒரு 2002 டாஹோ: எஞ்சின் மாற்றுக்காக வாங்கிய டோனர் வண்டியின் மதிப்புரை

டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில், என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் 1979-ஆம் ஆண்டு செவ்ரோலே சி10 பிக்கப்பின் 350 கன அங்குல வி8 எஞ்சின் மூன்று ஆண்டுகளுக்கு முன் தேய்ந்து ஓய்ந்தது. ஆயிலைக் குடித்தது, நீலப் புகை கக்கியது. கார்புரேட்டரை எத்தனை முறை கழற்றிக் கழுவினாலும் காலையில் ஒரே முயற்சியில் ஸ்டார்ட் ஆகவில்லை. அதையே ரீபோர் செய்து ஓட்டுவதா, பெட்ரோல் இன்ஜெக்ஷன் உள்ள பிற்கால எஞ்சினைப் பொருத்துவதா என்று பல மாதம் யோசித்து, இரண்டாவது வழியில் இறங்கினேன். அதற்காக, பின்பக்கம் மோதப்பட்டுச் சிதைந்த 2002 செவ்ரோலே டாஹோ எஸ்யுவி ஒன்றை முழுதாக வாங்கினேன். எஞ்சினுக்காகக் கழற்றப்படும் இத்தகைய வண்டியை இங்குள்ளவர்கள் டோனர் என்கிறார்கள். டோனராக அந்த டாஹோ எப்படி இருந்தது, அதை ஏன் தேர்ந்தெடுத்தேன், எங்கே அது கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்பதையே இங்கு எழுதுகிறேன். பழைய பிக்கப் வைத்திருக்கும் தமிழ் நண்பர்கள் இருவர் இதே கேள்விகளைத் தொடர்ந்து கேட்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

டாஹோவுக்கு முன்பே ஒரு முறை நான் ஏமாந்திருக்கிறேன் என்பதைச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. பழைய உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கடையில், 5.3 லிட்டர் என்று சாக்பீஸால் எழுதி வைத்திருந்த தனி எஞ்சினை 900 டாலர் கொடுத்து வாங்கி வந்தேன். வயரிங் முழுவதும் எஞ்சினுக்கு ஒரு சாண் தூரத்தில் வெட்டப்பட்டிருந்தது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் இல்லை, காற்றளவு சென்சர் இல்லை, ஆல்டர்னேட்டர் பொருந்தும் பிராக்கெட்டும் இல்லை. இவற்றையெல்லாம் தனித்தனியாகத் தேடிக் கொண்டிருந்த இரண்டு மாதத்தில் அந்தக் கடை கொடுத்த 30 நாள் உத்தரவாதம் முடிந்து போயிற்று. பிறகு ஒரு நாள் பிளக் துளை வழியாகச் சிறிய கேமராவை இறக்கிப் பார்த்தபோது, பிஸ்டனின் தலை தட்டையாக இருந்தது. 5.3 லிட்டர் எஞ்சினின் பிஸ்டன் தலையில் கிண்ணம் போன்ற பள்ளம் இருக்கும். தட்டைப் பிஸ்டன் 4.8 லிட்டருக்கு உரியது. இரண்டுக்கும் பிளாக் ஒன்றே, வார்ப்பிலேயே 4.8, 5.3 என்ற இரு எண்களும் சேர்ந்தே பொறிக்கப்பட்டிருக்கும், பிஸ்டன் விட்டமும் ஒன்றே; கிராங்க் வீச்சு, அதாவது பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம், மட்டும் 83 மில்லிமீட்டருக்கும் 92 மில்லிமீட்டருக்கும் இடையே மாறுகிறது. வெளியிலிருந்து பார்த்து எவராலும் பிரித்தறிய முடியாது. வண்டியோடு வாங்கியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமிருந்திருக்காது, ஏனெனில் முன்கண்ணாடிக்குக் கீழே தெரியும் 17 இலக்க அடையாள எண்ணின் 8-ஆவது இடத்தில் இருக்கும் எழுத்து எந்த எஞ்சின் என்பதைச் சொல்லிவிடும். டி என்றால் 5.3, வி என்றால் 4.8, யு அல்லது என் என்றால் 6.0 லிட்டர்.

அந்த அனுபவத்திலிருந்து நான் பிடித்துக்கொண்ட கருத்து ஒன்றே: எஞ்சின் மாற்றில் எஞ்சின்தான் எளிதில் கிடைக்கும் பொருள். அதைச் சுற்றியிருக்கும் வயரிங், கம்ப்யூட்டர், கியர்பாக்ஸ், பெல்ட்டால் ஓடும் துணைக்கருவிகள், அவற்றின் பிராக்கெட்டுகள், ஒவ்வொரு சென்சரின் கனெக்டர், நூறு வகை போல்ட்டுகள் ஆகியவையே நாளையும் பணத்தையும் தின்பவை. இவையனைத்தும் ஒரே வண்டியில், ஒன்றோடொன்று பொருந்திய நிலையில், கண்ணெதிரே ஓடிக் காட்டப்பட்டு நம் கைக்கு வர வேண்டும். குதிரைத்திறன் எண்ணைப் பார்த்து டோனரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் பாதி வழியில் நின்றுவிடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1999-ஆம் ஆண்டு சில்வராடோ பிக்கப்பில் அறிமுகப்படுத்திய எல்எம்7 என்ற 5.3 லிட்டர் எஞ்சின் அடுத்த ஆண்டே டாஹோவுக்கும் சபர்பன் எஸ்யுவிக்கும் வந்தது. இரும்பு பிளாக், அலுமினிய சிலிண்டர் ஹெட், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இக்னிஷன் காயில். 1999-இல் 270 குதிரைத்திறன், 2000 முதல் 285, பிற்காலத்தில் 295. இந்தக் குடும்பத்தின் வண்டிகள் 2007 வரை ஏராளமாக விற்கப்பட்டன. ஆகவே டெக்சாஸில் எந்தக் காயலான் கடைக்குப் போனாலும் ஒரு வரிசையாவது நிற்கும். ஆனால் ஆண்டைப் பொறுத்து உள்ளே மாறுதல்கள் இருக்கின்றன, அவற்றை அறியாமல் வாங்கக் கூடாது.

1999 முதல் 2002 வரையிலான வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து எஞ்சினுக்கு இரும்புக் கேபிளே செல்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு நீலக் கனெக்டரும் ஒரு சிவப்புக் கனெக்டரும் இருக்கும். 2003 முதல் சிவப்புக்குப் பதில் பச்சை வந்தது. கேபிளும் போய், மின்சார மிதி வந்தது. மின்சார மிதி கெட்டது என்று நான் சொல்லவில்லை, அது நன்றாகவே வேலை செய்கிறது; ஆனால் அதற்கு மிதி, அதைக் கட்டுப்படுத்தும் சிறு பெட்டி, எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் திராட்டில் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்தவையாக ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும், அந்த மிதியைப் பழைய பிக்கப்பின் தரைச்சுவரில் பொருத்த ஒரு தகடும் செய்ய வேண்டும். 1979 வண்டியில் ஏற்கெனவே கேபிள் மிதி இருக்கும்போது, கேபிள் திராட்டில் உள்ள டோனரைத் தேடுவதே சுருக்கமான வழி. ஆண்டை மட்டும் நம்பாமல் பானெட்டைத் திறந்து திராட்டிலில் கேபிள் மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் அந்த ஆண்டுகளிலும் சில வண்டிகள் மின்சார மிதியோடு வந்தன. பெட்ரோல் குழாயிலும் இதே போன்ற பிரிவு உண்டு: 2003 வரை எஞ்சினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாய் இருந்தது, 2004 முதல் அது எடுக்கப்பட்டது.

2007-க்குப் பிந்தைய அடுத்த தலைமுறை எஞ்சின்களை நான் வேண்டாம் என்று ஒதுக்கினேன். அவற்றில் பலவற்றில், எரிபொருளை மிச்சப்படுத்த ஓட்டத்தின் நடுவே நான்கு சிலிண்டர்களை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கான, வால்வுகளைத் தூக்கும் சிறப்பு லிஃப்டர்கள் பழுதாகிக் கேம் ஷாஃப்டையும் கெடுத்துவிடுவது இங்குள்ள மெக்கானிக்குகள் அனைவரும் அறிந்த குறை. கிராங்க் சென்சர் படிக்கும் பல்சக்கரமும் 24 பல்லிலிருந்து 58-ஆக மாறியதால் பழைய கம்ப்யூட்டரோடு அவை நேரடியாக இணையா. சக்தி கூடுதல் என்பது உண்மையே. ஆனால் வீட்டுக் கொட்டகையில் வார இறுதிகளில் மட்டும் வேலை பார்ப்பவருக்கு அந்தக் கூடுதல் சக்தி தேவைப்படுவதில்லை.

6.0 லிட்டர் மீது எனக்கும் ஆசை இருந்தது. அது பெரும்பாலும் கனரகப் பிக்கப்புகளில், 4எல்80ஈ என்ற பெரிய கியர்பாக்ஸோடு வருகிறது. அந்தக் கியர்பாக்ஸ் மிக உறுதியானது, ஆனால் நீளமும் எடையும் கூடியது. சரக்கும் டிரெய்லரும் இழுக்காத என் வண்டிக்கு அது மிகை. 2005 முதல் 2007 வரை வந்த எல்33 என்ற அலுமினிய பிளாக் 5.3, இரும்பு பிளாக்கைவிட ஏறத்தாழ 45 கிலோ எடை குறைந்தது, 310 குதிரைத்திறன் தருவது. ஆனால் அதன் பெயர் பரவியதால் விலையும் ஏறிவிட்டது, அது வந்த வண்டிகளும் நான்கு சக்கர இயக்கம் கொண்டவை. சரக்கு வேன்கள் நல்ல டோனர்கள் என்று பலர் சொல்வார்கள். வேன்களும் காவல்துறை டாஹோக்களும் நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் எஞ்சின் ஓட நிற்பவை ஆதலால், அவற்றின் மைல் கணக்கை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும்: அதே 5.3 என்ற பெயரில் இம்பாலா எஸ்எஸ் போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் வரும் எல்எஸ்4 எஞ்சின், குறுக்காகப் பொருந்துவதற்காகக் கிராங்கையே குட்டையாக்கிச் செய்தது. விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டுத் தலையில் கை வைத்தவர் ஒருவர் எனக்குத் தெரியும்.

இரு சக்கர இயக்கமா, நான்கு சக்கர இயக்கமா என்ற கேள்வியைப் பலர் கடைசியாகக் கேட்கிறார்கள். அதை முதலிலேயே கேட்க வேண்டும். டாஹோவின் 5.3-உடன் வரும் 4எல்60ஈ கியர்பாக்ஸின் வெளியீட்டு ஷாஃப்ட்டும் பின் உறையும் இவ்விரண்டிலும் வேறு வேறு. நான்கு சக்கர வண்டியின் கியர்பாக்ஸை என் இரு சக்கர சி10-இல் மாட்ட வேண்டுமானால், அந்த ஷாஃப்ட்டை மாற்ற முழுக் கியர்பாக்ஸையும் பிரித்தாக வேண்டும். பனி கொட்டும் வட மாநிலங்களில் டாஹோ என்றாலே நான்கு சக்கர இயக்கமாகத்தான் கண்ணில் படும். டெக்சாஸில் இரு சக்கர டாஹோ எளிதில் கிடைக்கிறது, துருவும் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இங்கு வாழ்வது நல்லூழ் என்று எண்ணினேன்.

தேடல் ஐந்து மாதம் நீடித்தது. காப்பீட்டு நிறுவனங்கள் ஒதுக்கிய வண்டிகள் கோபார்ட் போன்ற ஏலங்களில் வருகின்றன. அங்கே ரன் அண்டு டிரைவ் என்று குறித்திருந்தால், வண்டி ஏல வளாகத்துக்கு வந்த அன்று தானே ஸ்டார்ட் ஆகி நகர்ந்தது என்பதே பொருள். அதற்கு மேல் அது எதையும் உறுதியளிப்பதில்லை. நாமே கழற்றிக்கொள்ளும் காயலான் கடைகளில் விலை மிகக் குறைவு, ஆனால் அங்கே எஞ்சினை ஓட்டிப் பார்க்க வழியில்லை, பேட்டரியும் இருக்காது, ஆயிலும் வடிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் ஓடுவதைக் காதால் கேட்காமல் இனி வாங்குவதில்லை என்று முடிவு செய்திருந்ததால் தனியாரிடமே தேடினேன். கடைசியில், சிக்னலில் நின்றபோது லாரி பின்னால் மோதிய ஒரு டாஹோவை அதன் உரிமையாளர் விற்கப் போவதாக அறிந்தேன். மைல் கணக்கு 1,68,000, அதாவது ஏறத்தாழ 2,70,000 கிலோமீட்டர். விலை 2,200 டாலர். பின்பக்கம் மோதப்பட்ட வண்டி என்பது டோனர் தேடுபவருக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல செய்தி, ஏனெனில் ரேடியேட்டர் முதல் கியர்பாக்ஸ் வரை எல்லாம் முன்பாதியில் இருக்கின்றன. முன்பக்கம் மோதியதென்றால் முகப்பில் எது உடைந்தது, எது வளைந்தது, எந்தக் கம்பி உள்ளே அறுந்தது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கும்.

குளிர்ந்த எஞ்சினின் ஒலியைக் கேட்க வேண்டும் என்பதால், நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன். உரிமையாளரான அம்மையார் அதை மதித்தார். காலை ஏழு மணிக்குப் போய், பானெட்டைத் திறந்ததும் முதலில் எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மீது உள்ளங்கையை வைத்தேன். இரவுக் குளிர்ச்சி அப்படியே இருந்தது. பிறகு கையுறைப் பெட்டியைத் திறந்து அதன் உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளைப் பார்த்தேன். அந்த வண்டி தொழிற்சாலையில் எந்தெந்தப் பாகங்களோடு கட்டப்பட்டது என்பது மூன்றெழுத்துக் குறிகளாக அதில் அச்சாகியிருக்கும். எல்எம்7 இருந்தது, 4எல்60ஈ கியர்பாக்ஸைக் குறிக்கும் எம்30 இருந்தது. ஆயில் குச்சியை உருவி மோந்தேன். பெட்ரோல் வாடையில்லை, மூடியின் அடியில் பால் போன்ற படிவும் இல்லை.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் அரை நொடியில் பிடித்துக்கொண்டது. உடனே ஆழத்திலிருந்து ஒரு தட்டல் கேட்டது, மரப்பலகையில் விரல் கணுவால் தட்டுவது போன்ற மந்தமான ஒலி. இந்தத் தலைமுறை 5.3-இல் குளிர்ந்த நிலையில் பிஸ்டன் சற்றே ஆடிச் சிலிண்டர் சுவரில் படும் ஒலி இது. உலோகம் சூடேறி விரிந்ததும் மறைந்துவிடும். நான்கு நிமிடத்தில் அது தேய்ந்து மறைந்தது. அதற்குள் இன்னொரு ஒலி தனியே பிரிந்து காதில் பட்டது: வலப்பக்கம் பின்னால், மெல்லிய சிட்டிகை போன்ற டிக் டிக். கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது மேனிஃபோல்டின் கடைசி போல்ட்டின் தலையே இல்லை. இடைவெளியைச் சுற்றிக் கரிப்புகை படிந்திருந்தது. பின்முனைப் போல்ட் முறிவது இந்த எஞ்சினின் வழக்கமான நோய். எஞ்சினை வெளியே எடுத்த பின் முறிந்த துண்டைப் பிடுங்குவது அரை மணி வேலை. லிஃப்டர் சத்தமோ அடிபேரிங் தட்டலோ என்றால் திரும்பிப் போயிருப்பேன். சூடேறும்போது குறையும் ஒலி, சூடேறியபின் கூடும் ஒலி, வேகத்தோடு மாறும் ஒலி ஆகியவற்றைப் பிரித்துக் கேட்கப் பழகியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது, எந்தக் கருவியை வாங்குவதைவிடவும் பயனுள்ளது.

ஆயில் அழுத்த முள் சூடேறிய பின் ஐட்லிங்கில் 38 பிஎஸ்ஐ காட்டியது. நிறுவனம் வகுத்த அளவுப்படி, சூடான எஞ்சினில் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் 6, 2,000-இல் 18, 4,000-இல் 24 பிஎஸ்ஐ இருந்தாலே போதும். நல்ல எஞ்சின் இதைவிட வெகுவாக மேலே காட்டும். முள் கீழே கிடந்தால் உடனே எஞ்சினைக் குறைசொல்லிவிடவும் கூடாது. பின்னால் இருக்கும் சென்சரே பழுதாகியிருக்கலாம், அல்லது சம்ப் என்ற அடித்தொட்டியிலிருந்து ஆயிலை உறிஞ்சும் குழாயின் ரப்பர் வளையம் இறுகிக் காற்றை உள்ளே விட்டிருக்கலாம். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்ற கம்ப்ரஷனைப் பார்த்ததில் எட்டுச் சிலிண்டர்களும் 165-க்கும் 175-க்கும் இடையே நின்றன. சிலிண்டர் ஹெட்டின் வார்ப்பு எண்ணையும் பார்த்தேன். 706 என்ற எண்ணோடு காஸ்டெக் என்ற வார்ப்பாலையின் முத்திரை இருக்கும் ஹெட்டுகளில் சில, உள்ளே நுண்ணிய விரிசல் விட்டுத் தண்ணீரை ஆயிலில் கலக்கவிடும் குறை உடையவை. இந்த டாஹோவின் எண் 862; அந்தக் கவலை தீர்ந்தது.

கியர்பாக்ஸில்தான் என் கணிப்பு பிழைத்தது. பின் சக்கரத்தோடு டிக்கி தகடு உரசியதால் தெருவில் ஓட்டிப் பார்க்க முடியவில்லை. முன்னும் பின்னும் பத்தடி நகர்த்தியதோடு திருப்தி அடைந்தேன். 4எல்60ஈ-இல் மூன்றாம் நான்காம் கியருக்கான கிளட்ச் தட்டுகள் எரிவது பரவலான குறை; இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் வெறுமனே உறுமி ஓடும். அதைப் பத்தடியில் கண்டுபிடிக்க இயலாது. சி10-இல் மாட்டி ஓட்டிய முதல் வாரத்திலேயே அந்த உறுமல் கேட்டது. கியர்பாக்ஸ் ஆயிலைக் குச்சியில் தொட்டு மோந்து பார்த்திருந்தால் கருகிய வாடை முன்பே சொல்லியிருக்கும். எஞ்சினில் காட்டிய பொறுமையை நான் அங்கே காட்டவில்லை. பிரித்துப் புதுத் தட்டுகள் போட 1,100 டாலர் ஆயிற்று. டோனராக இந்த வண்டிக்கு நான் குறைக்கும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதற்கே.

வயரிங்கைக் கழற்றிய நாள்தான் முழு வண்டியை வாங்கியதன் அருமையை உணர்ந்த நாள். கம்ப்யூட்டர் எஞ்சின் அறையின் இடப்பக்கம் பேட்டரியின் கீழ் இருக்கிறது. அதன் இரு கனெக்டர்களின் நடுவே ஒவ்வொரு சிறு போல்ட், 7 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். அவற்றைத் தளர்த்தி எடுத்தபின், ஒரு கம்பியைக்கூட வெட்டாமல், ஒவ்வொரு கனெக்டரிலும் வெள்ளை டேப் ஒட்டிப் பெயரெழுதி, கிராங்க் சென்சர் முதல் ஆக்ஸிஜன் சென்சர் வரை முழுக் கொத்தாக எடுத்து மேசையில் பரப்பினேன். என் மகன் எழுத, நான் சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழிந்தது. தேவையற்ற கம்பிகளைப் பிறகு உருவி எடுத்து, பிக்கப்புக்கு வேண்டிய மின் இணைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டேன். சாவியின் திருட்டுத் தடுப்பு ஏற்பாடு கம்ப்யூட்டருக்குள்ளேயே இருப்பதால், அதை மென்பொருள் மூலம் நீக்காவிட்டால் எஞ்சின் பிடித்த மறுகணமே பெட்ரோல் நின்றுவிடும். இதைச் செய்துதருபவர்கள் உண்டு. டோனரின் அடையாள எண்ணும் கம்ப்யூட்டரின் எண்ணும் கையில் இருந்தால் அவர்கள் வேலை எளிதாகிறது.

பிக்கப்போடு பொருந்துவதில் செவ்ரோலே குடும்பத்துக்குள்ளேயே தேர்ந்தெடுத்தது நன்மையாயிற்று. பழைய 350-இன் எஞ்சின் மவுண்டில் மூன்று போல்ட், புதியதில் நான்கு. இடையே ஒரு தகடு வைத்தால் பழைய சேசிஸ் மவுண்டிலேயே உட்கார்ந்துகொள்கிறது. கியர்பாக்ஸ் முகப்பின் போல்ட் அமைப்பும் ஏறத்தாழப் பழையதே, ஆகையால் பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொள்ள விரும்புபவர்களும் கிராங்கின் முனையில் ஒரு இடைவளையம் சேர்த்துப் பொருத்துகிறார்கள். டாஹோவின் ஆயில் சம்ப் மட்டும் மிக ஆழமானது. சி10-இன் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொங்கி, தெரு மேட்டில் இடிக்கும் நிலையில் இருந்தது. 1998 முதல் 2002 வரையிலான காமரோவுக்கு உரிய ஆழம் குறைந்த சம்ப்பை, அதன் உறிஞ்சுகுழாயும் ஆயில் குச்சியும் சேர்த்து வாங்கி மாட்டினேன். ஏசி கம்ப்ரஸரும் கீழ்ப்பக்கம் வலது சேசிஸ் சட்டத்தில் முட்டியது. ஹூஸ்டன் வெயிலில் ஏசியை விட முடியாது. மேலே தூக்கிப் பொருத்தும் பிராக்கெட் ஒன்றுக்கு 280 டாலர் கொடுத்தேன்.

டோனரால் தீர்க்க முடியாதது பெட்ரோல் டேங்க். கார்புரேட்டருக்கு ஐந்தாறு பிஎஸ்ஐ போதும். இந்த இன்ஜெக்ஷனுக்கு 58 வேண்டும். டாஹோவின் டேங்க் சி10-இன் சேசிஸில் உட்காராது. 1987-ஆம் ஆண்டு இதே உடலமைப்புள்ள பிக்கப்புகள் இன்ஜெக்ஷனுக்கு மாறியபோது, பம்ப் உள்ளேயே இருக்கும் டேங்கோடு வந்தன. அப்படி ஒரு டேங்கை வேறொரு காயலான் கடையில் 120 டாலருக்குப் பிடித்து, உள்ளிருந்த பம்ப்பை அதிக அழுத்தம் தருவதாக மாற்றினேன். ஆக, என் பிக்கப்புக்கு டோனர் ஒன்றல்ல, ஒன்றே கால் என்று சொல்வதே பொருத்தம். ஸ்பீடாமீட்டரும் அப்படித்தான். 1979-இல் அது சுழலும் கேபிளால் ஓடியது, 4எல்60ஈ-யோ மின்துடிப்பை மட்டுமே தருகிறது. துடிப்பைச் சுழற்சியாக மாற்றும் சிறு மோட்டார் பெட்டி ஒன்று வைத்து, பழைய முகப்பை அப்படியே காப்பாற்றிக்கொண்டேன்.

சட்டத்தைப் பற்றியும் ஓரிரு சொல். டெக்சாஸில் புகைச் சோதனை நடக்கும் மாவட்டங்களிலும் 24 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு அது கிடையாது. தனியார் வண்டிகளுக்கான ஆண்டுப் பாதுகாப்புச் சோதனையும் 2025 ஜனவரி முதல் எடுக்கப்பட்டுவிட்டது. கலிஃபோர்னியாவில் நிலைமை வேறு. அங்கே 1975-க்குப் பிந்தைய பெட்ரோல் வண்டியில் எஞ்சினை மாற்றினால், மாற்றும் எஞ்சின் வண்டியின் ஆண்டோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும், டோனரில் இருந்த புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் உடன் வர வேண்டும், அரசு நியமித்த நடுவரிடம் வண்டியைக் காட்ட வேண்டும். அந்த மாநிலத்தவர்களுக்கு முழு வண்டியாக வாங்குவதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எங்கிருந்தாலும், டோனரின் அடையாள எண் எழுதிய விற்பனைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பணக் கணக்கு இது. டாஹோ 2,200, இழுத்து வரக் கூலி 150. அதன் முன்கதவுகள், பானெட், விளக்குகள், மூன்றாம் வரிசை இருக்கை, சக்கரங்கள் ஆகியவற்றை விற்றதில் 1,400 வந்தது. கடைசியில் கூட்டை இரும்பு விலைக்குக் கொடுத்ததில் 300. ஆக எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், கம்ப்யூட்டர், துணைக்கருவிகள் எல்லாம் 650 டாலருக்கு அமைந்தன. கியர்பாக்ஸ் செலவைச் சேர்த்தாலும் 1,750. தனித்தனியாக வாங்கப் போட்டிருந்த பட்டியல் 2,500-ஐத் தாண்டியிருந்தது, அதிலும் எதுவும் ஓடிப் பார்த்ததல்ல. இந்த லாபத்துக்கு விலையாகக் கொட்டகை வாசலில் நான்கு மாதம் ஒரு சிதைந்த வண்டி நின்றது. இடமில்லாதவர்களும், குடியிருப்புச் சங்கத்தின் விதிகளுக்கு உட்பட்டவர்களும் இதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது சி10 குளிர்காலக் காலையிலும் முதல் திருப்பலிலேயே பிடித்துக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் கேலனுக்கு 11 மைல் கொடுத்தது 17 கொடுக்கிறது. எஞ்சின் சுற்றைக் குறைக்கும் ஓவர் டிரைவ் கியர் இருப்பதால் 70 மைல் வேகத்திலும் உள்ளே பேச்சுக் கேட்கிறது. காலைத் தட்டல் நான்கு நிமிடம் இருக்கத்தான் செய்கிறது, 14,000 மைல் ஓடியும் கூடவில்லை. மீண்டும் ஒரு பழைய பிக்கப்புக்கு டோனர் தேட நேர்ந்தால், கேபிள் திராட்டில் உள்ள, இரு சக்கர இயக்கமுள்ள, பின்பக்கம் மோதப்பட்ட 2000 முதல் 2002 வரையிலான டாஹோவையோ சபர்பனையோதான் தேடுவேன். இந்த முறை கியர்பாக்ஸ் குச்சியையும் மோந்து பார்த்த பிறகே பணத்தை எண்ணுவேன்.

கூட்டை இரும்புக்கடைக்கு அனுப்பும் நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சினை எடுத்த வாரமே அதை அனுப்பிவிட எனக்கும் அவசரம் இருந்தது, அண்டை வீட்டாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லவேளையாக அனுப்பவில்லை. பெட்ரோல் குழாயின் பிளாஸ்டிக் கொக்கிக்காக ஒரு முறையும், கம்ப்யூட்டரைப் படிக்கும் சாக்கெட்டின் இரண்டு கம்பிகளுக்காக ஒரு முறையும், ஆக்சிலரேட்டர் கேபிளைப் பிடிக்கும் சிறிய இரும்புத் துண்டுக்காக ஒரு முறையும் அந்தக் கூட்டுக்குள் தலையை விட்டுத் தேடினேன். கடைசித் துண்டு கடையில் தனியாக விற்பதேயில்லை. பிக்கப் தன் சொந்தக் காலில் இரண்டு வாரம் ஓடிய பிறகே இழுவை வண்டிக்காரரை அழைத்தேன்.